வாசகர் கேள்வி பதில்: பாதுகாப்பு கோப்பில் மட்டும் இருந்தால் போதுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலையிடப் பாதுகாப்பைப் பற்றியவை. கடை வைத்திருப்பவர்கள், மேற்பார்வையாளர்கள், வேலை செய்கிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, லிட்டில் இந்தியாவில் பத்து வருடமாக உணவகம் நடத்துகிறேன். 14 பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரு நிறுவனத்துக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் கான்ட்ராக்ட் பேசப் போனபோது, பிஸ்சேஃப் (நிறுவனங்களின் வேலையிடப் பாதுகாப்புக்குப் படிப்படியாகச் சான்று தரும் திட்டம்) மூன்றாம் நிலை இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒருவர் வந்து, அதற்கு வேண்டிய பாதுகாப்புக் கோப்பு எல்லாம் தயாராக இருக்கிறது, உங்கள் கடைப் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். வாங்கிவிடலாமா? சமையல்கட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்றும் தோன்றுகிறது.
- உணவக உரிமையாளர், சிராங்கூன் சாலை

வாங்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், ஆனால் உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் வந்தபோது அபாயம் அதிகமுள்ள இடங்களுக்குத்தான் பொருந்தியது, கட்டுமானத் தளம், கப்பல் பட்டறை, தொழிற்சாலை இப்படி. 2011 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் எல்லா வேலையிடங்களுக்கும் அது பொருந்தும். உங்கள் சமையல்கட்டும் அதில் அடக்கம், பக்கத்தில் இருக்கிற பூக்கடையும் அடக்கம். ஆர்ஏ என்று எல்லோரும் சொல்கிற அபாய மதிப்பீட்டைச் செய்வது உங்கள் கடமை, கான்ட்ராக்ட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

இப்போது கோப்பு விஷயம். ஓர் உணவகத்தில் இப்படி வாங்கிய கோப்பு ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல தடிமன், வண்ண அட்டை. உள்ளே பளுதூக்கி (கிரேன்) வேலைக்கான பக்கம் இருந்தது, அந்தக் கடையில் தேங்காய் மூட்டையைத் தோளில் வைத்துத்தான் தூக்குகிறார்கள். எண்ணெய்ச் சட்டியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்த முதலாளி கெட்டவர் இல்லை, தன் ஆட்களுக்குத் தன் கையாலேயே சாப்பாடு போடுகிறவர். பணம் கொடுத்து வாங்கிவிட்டதால் வேலை முடிந்துவிட்டது என்று நம்பிவிட்டார். எனக்குப் பயம் அந்த நம்பிக்கையைப் பற்றித்தான். கோப்பே இல்லாத கடைக்காரராவது கொஞ்சம் கவனமாக இருப்பார்.

நாளைக் காலை பத்து மணிக்கு, மதியக் கூட்டம் வருவதற்கு முன்னால் வேலை மும்முரமாக இருக்கிற நேரத்தில், நீங்களே சமையல்கட்டில் அரை மணி நேரம் நில்லுங்கள். எதுவும் சொல்லாதீர்கள், பாருங்கள். பரோட்டா மாவு பிசைகிற இயந்திரத்திலிருந்து தொடங்கலாம். பாத்திரத்துக்கு மேல் கம்பி மூடி ஒன்று இருக்கும், அதைத் தூக்கினால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். மூடியின் ஓரத்தில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, அந்த வேலையைச் செய்வது அதுதான். பல கடைகளில் அந்த சுவிட்சை செலோடேப் போட்டு அமுக்கி ஒட்டி வைத்திருப்பார்கள், டேப்பின் மேல் மாவு படிந்து காய்ந்து வெள்ளையாகிப் போயிருக்கும், அதாவது ஒட்டி மாதக்கணக்காகிவிட்டது என்று அர்த்தம். மூடி திறந்தே இருக்கும், கொக்கி சுற்றிக்கொண்டிருக்கும், ஒருவர் ஓரத்தில் ஒட்டிய மாவைக் கையால் வழித்து உள்ளே தள்ளிக்கொண்டிருப்பார்.

அதைப் பார்த்தால் அவரைத் திட்டாதீர்கள். ஏன் ஒட்டினீர்கள் என்று கேளுங்கள். தண்ணீர் ஊற்ற ஒவ்வொரு தடவையும் நிறுத்த வேண்டியிருக்கிறது, பதினொன்றரைக்குள் உருண்டை பிடித்தாக வேண்டும், நிறுத்தினால் நேரத்துக்கு முடியாது என்பார். அங்கேதான் உங்கள் ஆர்ஏ தொடங்குகிறது. மூடியில் ஊற்றுவதற்கென்று வாய் வைத்த மாதிரிகள் உண்டு. அது இல்லையென்றால் பிசைவதை அரை மணி நேரம் முன்னதாக ஆரம்பிக்க ஆள் போடலாம். டேப்பைப் பிய்த்துவிட்டு நேரத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டீர்கள் என்றால், அடுத்த வாரம் புது டேப் இருக்கும்.

எண்ணெயும் அப்படித்தான். கடை மூடும்போது கொதித்த எண்ணெயை ஆறவிடாமல் வாளியில் ஊற்றிக்கொண்டு ஈரத் தரையில் நடந்து போகிறார்கள், ஏனென்றால் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது கடைசி வழி. முதலில் அந்த ஆபத்தையே எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள், காலையில் ஆறிய எண்ணெயை மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் இரவில் கொதிக்கிற வாளியே இல்லை. முடியாவிட்டால் வேறு பாத்திரம், மூடி, சக்கர வண்டி. அதற்கப்புறம் முறை, பயிற்சி. கையுறை, பூட்ஸ் எல்லாம் கடைசியில். பெரும்பாலான கடைகளில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறோம், கடைசியில் இருப்பதுதான் விலை மலிவு என்பதால்.

ஆர்ஏவில் ஒவ்வொரு வேலைக்கும் அடிபட்டால் எவ்வளவு மோசமாகும், அப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டுக்கும் ஐந்துக்கு எண் போட்டுப் பெருக்கிப் பார்ப்பார்கள். படிவம் பார்க்கப் பெரிதாகத் தெரியும், உங்கள் தலைமைச் சமையல்காரரும் பாத்திரம் கழுவுகிற அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும், நடுவில் விபத்து நடந்தாலோ புது இயந்திரம் வந்தாலோ உடனே.

பிஸ்சேஃப் பற்றி: முதல் நிலைக்கு முதலாளியே போய்ப் பட்டறையில் உட்கார வேண்டும், மேலாளரை அனுப்பிவிட்டு நீங்கள் கல்லாவில் இருக்காதீர்கள். இரண்டாம் நிலையில் உங்கள் ஆள் ஒருவர் அபாய மேலாண்மைப் பயிற்சி எடுப்பார். மூன்றாம் நிலைக்கு வெளியிலிருந்து தணிக்கையாளர் வந்து, கோப்பில் எழுதியிருப்பது தரையில் நடக்கிறதா என்று பார்ப்பார். அப்போது அந்தப் பளுதூக்கிப் பக்கத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார மன்றத்தின் ஸ்டார்ட்சேஃப் திட்டத்தில் சின்ன நிறுவனங்களுக்கு ஆலோசகர் நேரில் வந்து பார்த்துச் சொல்வார், கட்டணம் கிடையாது. கோப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் ஊற்றுவாய் வைத்த மூடி வாங்குங்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு தம்பிக்கு விரலில் வெட்டு. டாக்டர் இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்தார். மூன்று நாளுக்கு மேல் போனால்தான் மனிதவள அமைச்சுக்குச் சொல்ல வேண்டும் என்கிறார் எங்கள் கணக்காளர். சரியா?
- காக்கி புக்கிட்

அது பழைய கணக்கு. 2020 செப்டம்பர் 1 முதல், வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்சி என்றாலும் தெரிவித்தாக வேண்டும். டாக்டர் எம்சி கொடுக்காமல் இலகு வேலை மட்டும் பார்க்கட்டும் என்று எழுதினாலும் அதே விதிதான். உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து பத்து நாள் அவகாசம், இணையத்திலேயே முடித்துவிடலாம். மருத்துவச் செலவும் எம்சி நாட்களுக்கான சம்பளமும் உங்கள் பொறுப்பு. வெளிநோயாளியாக 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்கப்புறம் ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. தம்பி கவனக்குறைவாக இருந்தாரா என்பது இந்தக் கணக்கில் வராது.

ஒரு வேண்டுகோள். எம்சியை அவருடைய ஆண்டு விடுப்பில் கழிக்கலாமா, இரண்டு நாள் ரூமில் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எம்சியே எடுக்காமல் விடலாமா என்றெல்லாம் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விரல் ஆறிவிடும். ஆனால் அடிபட்டால் மறைக்க வேண்டும் என்று மற்ற பத்துப் பேரும் அன்றைக்குக் கற்றுக்கொள்வார்கள்.

நான் துவாஸில் மேற்பார்வையாளர். உயரத்தில் வேலை. தினமும் காலை வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில், ஹார்னஸை (உடம்பில் கட்டும் பாதுகாப்பு வார்) கொக்கியில் மாட்டச் சொல்கிறேன், எல்லோரும் சரி சரி என்று தலையாட்டுகிறார்கள். மேலே போனதும் யாரும் மாட்டுவதில்லை. எத்தனை தடவைதான் சொல்வது?
- துவாஸ் தெற்கு

தம்பி, நானும் அந்த வேலையில் இருந்தவன், அதனால் கொஞ்சம் நேராகவே பேசுகிறேன். சொல்வதைக் குறைத்துவிட்டு, கேட்பதைக் கூட்டுங்கள்.

முதலில் அவர்களுக்குப் புரிகிறதா? உங்கள் கூட்டத்தில் தமிழ்நாட்டுக்காரர் இருப்பார், பங்ளாதேஷ்காரர் இருப்பார், சீனர், மியன்மார்காரர் இருப்பார். நீங்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும் கலந்து பேசுகிறீர்கள். தலையாட்டுவது மரியாதைக்கு, புரிந்ததற்கு இல்லை. ஒருவரை முன்னால் கூப்பிட்டு, இன்றைக்கு எங்கே மாட்டுவீர்கள், காட்டுங்கள் என்று கேளுங்கள். அவர் கையை எங்கே நீட்டுகிறார் என்று பாருங்கள். பாதி நேரம் நீட்டவே இடம் இருக்காது. நங்கூரப் புள்ளியே, அதாவது கொக்கியை மாட்ட உறுதியான இடமே, இல்லாத கூரையில் எதில் மாட்டுவார்? குழாயிலா?

அடுத்தது, மாட்டினால் மட்டும் காப்பாற்றுமா என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்களா? கயிறு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, விழும்போது அதிர்ச்சி தாங்கி பிரிந்து ஒரு மீட்டருக்கு மேல் நீளும், ஆளின் உயரம் இருக்கிறது, கீழே கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். கூட்டினால் மாட்டிய இடத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 5, 6 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். 4 மீட்டர் உயரத்தில் காலடியில் மாட்டிக்கொண்டு விழுந்தால், ஹார்னஸ் போட்டபடியே தரையில் விழுவார். உங்கள் ஆட்களுக்கு இது சூத்திரமாகத் தெரியாவிட்டாலும் கண்ணால் பார்த்துத் தெரியும், இது உதவாது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருப்பார்கள். அப்படியிருக்கும்போது தடுப்புக் கம்பி போட்ட சாரமோ, ஆளை உயர்த்தும் இயந்திர மேடையோதான் சரி. 2 மீட்டருக்கு மேல் திறந்த ஓரம் இருந்தால் தடுப்பு வேண்டும், 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலை என்றால் அந்த வேலையைத் தொடங்கவே தனி அனுமதி (பர்மிட்) வேண்டும் என்று உயர வேலை விதிகள் சொல்வது இதை யோசித்துத்தான். அப்புறம் இன்னொன்று, விழுந்து தொங்குகிறவரை எப்படி இறக்குவீர்கள்? தொங்கியபடியே நேரம் போனால் இரத்த ஓட்டம் தடைபட்டு அதுவே ஆளை எடுத்துவிடும். ஆம்புலன்ஸ் வரும், ஆனால் ஏணி யார் கொண்டுவருவது என்று முன்னாலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

நான் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், ஒரு நாள் காலையில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன் வந்து, அண்ணே இரண்டாவது தட்டில் ஒரு பலகை ஆடுது என்றான். பெயிண்ட் ஏற்றிய லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. சாப்பிட்டுட்டு பாக்கலாம் என்றேன். சாப்பாட்டு நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் இன்னொருவர் அந்தப் பலகையில் கால் வைத்தார். உயிர் போகவில்லை, இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம் படுத்திருந்தார், ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு இன்றுவரை அந்தத் தம்பியின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும், விழுந்தவரின் முகம் கூட இல்லை. அவன் சொன்னான். வாய் திறந்து சொல்வதற்கு அந்தப் பையனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. அந்த விபத்துக்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் சொன்னதில்லை.

அதனால் உங்களுக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்கிறேன். யாராவது வந்து ஆடுது, சத்தம் வருது, பிரேக் சரியில்ல என்று சொன்னால், சொன்னவர் கண் முன்னாலேயே எழுந்து போய்ப் பாருங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் நன்றி சொல்லுங்கள். மாதத்துக்குப் பத்து முறை வீணாக நடந்தாலும் பரவாயில்லை.

நான் பெயர் போடவில்லை. ஒர்க் பர்மிட்டில் இருக்கிறேன். எங்களை ஏற்றிப்போகிற லாரியில் பின்கதவின் தாழ்ப்பாள் சரியில்லை. இரண்டு தடவை சொன்னேன். இன்னொரு தடவை சொன்னால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவேன் என்கிறார் முதலாளி. இன்னும் ஏஜென்ட் கடனே அடையவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பைப் பற்றி அதிகாரிகளிடம் நல்ல எண்ணத்தோடு முறையிட்டதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதும், நீக்குவேன் என்று மிரட்டுவதும் குற்றம். பாதுகாப்புக்காக முதலாளி வாங்கித்தர வேண்டிய பொருளுக்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பதும் குற்றம்தான், நிறையப் பேருக்கு அது தெரியாது.

ஆனால் கடன் தலைக்கு மேல் இருக்கும்போது சட்டம் மட்டும் தைரியம் கொடுத்துவிடாது, எனக்குத் தெரியும். அதனால் தனியாக முட்டாதீர்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692, அங்கே பேசுங்கள், என்ன செய்யலாம் என்று வழி சொல்வார்கள். மனிதவள அமைச்சிடம் ஆபத்தைப் படத்தோடு தெரிவிக்கும் ஸ்னாப்சேஃப் சேவை வழியாகத் தாழ்ப்பாளைப் படம் எடுத்து அனுப்பலாம். எந்தத் தேதியில் யாரிடம் சொன்னீர்கள் என்று போனில் குறித்து வையுங்கள், பார்த்த நண்பர் யார் என்பதையும். அது சரியாகும்வரை கதவோரத்தில் உட்காராதீர்கள், சாய்ந்துகொள்ளாதீர்கள், மற்றவர்களையும் உள்ளே தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கிற முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் வட்ட ரயில் பாதைக்குத் தோண்டிய குழி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். தன் ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தான் உள்ளே சிக்கிக்கொண்ட ஃபோர்மேனின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. அன்று காலையிலேயே தாங்கு கம்பிகளிலிருந்து டங் டங் என்று சத்தம் வந்ததை வேலையாட்கள் கேட்டிருக்கிறார்கள். அளவுக் கருவிகளும் பல நாளாக எச்சரித்துக்கொண்டிருந்தன. அடுத்த மாதமே கப்பல் பட்டறைத் தீயில் ஏழு பேர் போனார்கள். இன்றைய சட்டம் வந்ததே அந்த வருடத்து மரணங்களுக்குப் பிறகுதான். உங்கள் ஊழியர் தாழ்ப்பாள் சரியில்லை என்று சொல்வது நீங்கள் காசு கொடுத்தும் வாங்க முடியாத தகவல், அதைச் சும்மா கொண்டுவந்து கொடுக்கிறார். அவரைப் போய் மிரட்டுகிறீர்களே. சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கே 5 லட்சம் வெள்ளி வரை அபராதம் போடலாம், தனி ஆளுக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். தாழ்ப்பாளை ஒரே மதியத்தில் பற்றவைத்துச் சரிசெய்துவிடலாம்.

எங்களுடையது கணக்கு அலுவலகம், ஆறு பேர், கம்ப்யூட்டர்தான். எங்களுக்கு என்ன ஆபத்து?
- பாய லேபார்

வழுக்கி விழுவது, தடுக்கி விழுவது. வேலையிடத்தில் பெரிய காயங்களுக்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று, அலுவலகம் விதிவிலக்கு இல்லை. மேசைக்குக் குறுக்கே ஓடுகிற ஒயர், சுழல் நாற்காலியில் ஏறிக் கோப்பு எடுப்பது, பாதையில் பெட்டி அடுக்குவது, இவற்றைப் பாருங்கள். அப்புறம் வரிக் கணக்கு மாதங்களில் இரவு பதினொரு மணி வரை உட்கார வைக்கிறீர்களா? அதையும் ஆர்ஏவில் எழுதுங்கள். முதலுதவிப் பெட்டி ஆறு பேர் இருக்கிற இடத்துக்கும் வேண்டும்.

வெயிலில் புல்வெட்டும் வேலைக்கு ஆள் அனுப்புகிறேன். எவ்வளவு நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும்?
- ஈசூன்

கை தெர்மாமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாது, உடம்பு சூட்டை இறக்க முடியாமல் தவிக்கும், அதனால் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிற டபிள்யூபிஜிடி எண்ணைப் பாருங்கள், மைஎன்வி செயலியில் வரும். கடின உடலுழைப்புக்கு அது 32ஐ எட்டினால் மணிக்குப் பத்து நிமிடம், 33ஐ எட்டினால் பதினைந்து நிமிடம் நிழலில் ஓய்வு, இது குறைந்தபட்சம். மணிக்கொரு தரமாவது தண்ணீர். புதிதாக வந்தவரை, அவர் ராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்தவராக இருந்தாலும், முதல் ஏழு நாளாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குங்கள். ஊரிலிருந்து லீவு முடிந்து வந்தவரையும்தான்.

அப்பாவுக்கு 61 வயது. கிடங்கில் இருபது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சீட் பெல்ட் போடவே மாட்டார். அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, கவிழ்ந்தால் குதித்துவிடுவேன் என்கிறார். நான் சொன்னால் கேட்பாரா?
- மகள், செம்பவாங்

நீங்கள் சொன்னால்தான் கேட்பார் அம்மா, மேலாளர் சொல்வதை இருபது வருடமாகக் கேட்டுச் சலித்திருப்பார். இந்த ஊரில் வேலையில் இறப்பவர்களின் எண்ணிக்கை 2023இல் 36 ஆகக் குறைந்து 2024இல் 43 ஆக ஏறியது, வாகன விபத்துகள் அதற்கு முக்கியக் காரணம்.

அப்பாவின் குதிக்கிற யோசனைதான் ஆபத்து. ஃபோர்க்லிஃப்ட் கவிழ்வது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். குதிக்கிறவர் வண்டி சாய்கிற பக்கமே போய் விழுவார், தலைக்கு மேல் இருக்கிற இரும்புச் சட்டம் அவர் மேல் வந்து அமுக்கும். அவரைக் காப்பாற்றப் போட்ட சட்டம் அது, ஆனால் அதற்கு உள்ளே இருந்தால்தான் காப்பாற்றும். பெல்ட் அவரை உள்ளே பிடித்து வைக்கும். கவிழ்ந்தால் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய வேண்டும். இதை ஒரு பேப்பரில் வண்டி வரைந்து காட்டுங்கள், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து.

ஏறி இறங்குவது தொல்லை என்கிறாரே, அது நியாயமான குறைதான். அதை அவருடைய மேலாளரிடம் எடுத்துச்சொல்லச் சொல்லுங்கள், சரக்குச் சீட்டில் ஸ்கேன் செய்யவோ கையெழுத்துப் போடவோ ஒவ்வொரு தடவையும் ஏன் ஓட்டுநர் இறங்க வேண்டும், வேறு ஆள் செய்யலாமே. அப்புறம் அந்த பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரொம்ப நாள் போடாமல் விட்ட பெல்ட் தூசி அடைந்து பாதியில் சிக்கிக்கொள்ளும், பூட்டு விழாது. விழவில்லையென்றால் மாற்றிக் கொடுக்கும்வரை அந்த வண்டியில் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.